அடுப்படிப் பிள்ளையார்

என் அக்காவும் அவள் புருஷனும் பேசிக்கொள்ளும் விதத்தை வெளியாளிடம் சொன்னால் சிரிப்பார்கள். முக்கியமான விஷயம் எதையும் அக்கா மாமாவிடம் நேராகச் சொன்னதில்லை. பிள்ளையாரிடம்தான் சொல்வாள். ஹாலில் பேப்பரை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்திருக்கும் மாமா அதைக் கேட்டுக்கொள்வார். கேட்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டார். ஆனால் காரியம் நடந்துவிடும்.

"பிள்ளையாரப்பா, இந்த மனுஷன் பல்லு வலியை மறைச்சுக்கிட்டு ஒரு பக்கமாவே மென்னுக்கிட்டு இருக்காரு. பல் டாக்டர் என்ன, கடிச்சா தின்னுடுவாரு?" என்று கடுகு வெடிக்கிற சத்தத்துக்கு நடுவே அக்கா சொன்னால், மறுநாள் மாலை மாமா வீங்கிய கன்னமும் வாயில் பஞ்சுமாக வந்து நிற்பார். யார் சொல்லிப் போனீர்கள் என்று அவளும் கேட்க மாட்டாள், அவரும் சொல்ல மாட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் பிள்ளையார் ஒன்றும் தெரியாதவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

இது கல்யாணமான புதிதில் ஆரம்பித்த பழக்கம். அப்போது அந்த வீட்டில் மாமனார், மாமியார், கொழுந்தன், நாத்தனார் என்று கால் வைக்க இடமில்லாத கூட்டம். புருஷனிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டுமென்றால் நாலு பேர் காதைத் தாண்டித்தான் போக வேண்டும். சாமியிடம் பேசுகிறவளை யார் என்ன சொல்ல முடியும்? இப்படியொரு பக்தியான மருமகள் யாருக்குக் கிடைப்பாள் என்று மாமியாரே அக்கம்பக்கத்தில் பெருமை அடித்துக்கொண்டாராம். அதைச் சொல்லிச் சொல்லி அக்கா இன்றைக்கும் சிரிப்பாள். பிறகு பெரியவர்கள் போய்ச் சேர்ந்தார்கள், நாத்தனாருக்குக் கல்யாணமாயிற்று, கொழுந்தன் தனிக்குடித்தனம் போனார். ஒட்டுக்கேட்க வீட்டில் ஆளே இல்லை. பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் எதிர் வீடு. என் கதவைத் திறந்தால் அவர்கள் கதவு. தெருமுனையில் தையற்கடை வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை, அதனால் எனக்குப் பாதி வருஷம் குடும்பம், பாதி வருஷம் சுதந்திரம். சுதந்திர காலத்தில் எனக்குச் சாப்பாடு அக்கா வீட்டில்தான். சும்மா உட்கார்ந்து சாப்பிட்டேன் என்ற பேர் வேண்டாமே என்று காய் நறுக்கிக் கொடுப்பேன்.

மாமா லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு நான் வைத்த பெயர் ரசமட்டம். சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடுமே, குமிழி நடுவில் நின்றால் மட்டம் சரி என்று அர்த்தம், அந்தக் கருவி எப்போதும் அவர் பையில் இருக்கும். சுவரில் காலண்டர் மாட்டினால்கூட அதை வைத்துப் பார்ப்பார். என் கடையில் தையல் மெஷின் அரை விரற்கடை சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அட்டை மடித்துக் காலுக்கடியில் வைத்த பிறகுதான் அவருக்கு டீ இறங்கியது. நல்ல மனுஷர். ஆனால் உலகத்தில் எல்லாக் கோளாறையும் ஸ்குரூ டிரைவரால் சரிசெய்துவிடலாம் என்று நம்புகிறவர்.

அந்தப் பிள்ளையார் இருந்தது அடுப்படியில், ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடுவில் இருந்த சுவரில். புது லிஃப்ட் மோட்டார் ஒன்று வந்து இறங்கிய மரப்பெட்டியிலிருந்து ஒரு பலகையை எடுத்து, இழைத்து, கல்யாணமான வருஷம் மாமா அடித்துக் கொடுத்த தட்டு அது. அக்கா குள்ளம், அவள் நெஞ்சு உயரத்துக்கு இருக்கும். நடுவில் பித்தளைப் பிள்ளையார், வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தும்பிக்கை மழுங்கிப்போனவர். ஒரு பக்கம் முருகன் படம், இன்னொரு பக்கம் லட்சுமி படம். ஓரத்தில் மஞ்சள் துணியில் முடிந்த ஒரு பிடி மண். அதுதான் குலசாமி, அதற்கு உருவம் கிடையாது. இடது கைப்பக்கம் தீப்பெட்டி, அதையொட்டித் திரி. வலது கைப்பக்கம் எண்ணெய்க் கிண்ணமும் குங்குமச் சிமிழும். பின்சுவர் தீபத்தின் கரி ஏறி ஏறி ஆள் நிழல் விழுந்த மாதிரி கறுத்திருக்கும். யார் வந்தாலும் முதலில் அந்தக் கரிதான் கண்ணில் படும்.

அக்கா அங்கே பூஜை என்று தனியாக நின்றதே இல்லை. சோற்றை வடித்துவிட்டு வந்து நேற்றைய பூவை எடுப்பாள். அதைக் குப்பையில் போடமாட்டாள், பால்கனியில் செடித் தொட்டிக்குள் போடுவாள். காய் வேகிற நேரத்தில் திரி போடுவாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பொட்டு வைப்பாள். வாய் மட்டும் நிற்காது. தண்ணீர் வராததில் ஆரம்பித்து, என் கடைக்குக் கெட்டுப்போன ரவிக்கையைத் திருத்தக் கொண்டு வந்து சண்டை போட்ட பெண்மணி வரைக்கும் பிள்ளையாருக்கு எல்லாம் தெரியும்.

மாடியில் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. அந்த வீட்டு அம்மாவுக்கு பேங்கில் பெரிய வேலை. நாங்கள் பேங்க் அம்மா என்போம். அவர்கள் வீட்டில் சாமிக்கென்றே தனி அறை, கண்ணாடிக் கதவு, உள்ளே மஞ்சள் விளக்கு. மாமா அங்கே ஏதோ கதவு மாட்டிக்கொடுக்கப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதோடு போயிருந்தால் தேவலை. நன்றி சொல்லப் பேங்க் அம்மா கீழே இறங்கி வந்தார், அடுப்படியை எட்டிப் பார்த்தார், "சாமியைப் போய் இப்படித் தாளிக்கிற புகையில நிக்க வச்சிருக்கீங்களே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாமாவுக்கு அது தைத்துவிட்டது. முப்பது வருஷமாகப் பொண்டாட்டியின் சாமியைப் புகையில் நிற்க வைத்துவிட்டோமே என்று அவருக்கு ஒரே வருத்தம்.

அந்தச் சமயம் பார்த்து வெளியூரில் இருக்கும் அவர்கள் மகள் வீடு மாறினாள். ஒத்தாசைக்கு அக்கா கிளம்பிப் போனாள். விளக்கேற்றும் பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். அவள் போன மறுநாளே மாமா மரக்கடைக்குப் போய்விட்டார்.

அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமே என்று நான் சொன்னது உண்மை. சொல்லிவிட்டுச் செய்தால் அதில் என்ன இருக்கிறது என்று அவர் சொன்னதும், அதுவும் சரிதான் என்று நான் தலையாட்டினதும் உண்மை. எனக்கும் ஆசை வந்துவிட்டது. சிவப்புப் பட்டில் தங்கக்கரை வைத்து அலமாரிக்கு ஒரு குட்டித் திரை தைத்தேன். கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்குக்கூட நான் அவ்வளவு பொறுமையாக மடிப்பு வைத்ததில்லை.

அலமாரி ஹாலில், கிழக்குப் பார்த்து வந்தது. நல்ல மரம், கண்ணாடி மாதிரி இழைப்பு. திரிக்கும் கற்பூரத்துக்கும் தனித்தனி இழுப்பறை. இரண்டு கதவிலும் வரிசையாகக் குட்டி மணிகள். உள்ளே மேலும் கீழும் எல்.இ.டி. விளக்கு, ஒரு சுவிட்சைத் தட்டினால் சாமி எல்லாம் பளீரென்று நிற்கும். மாமா ரசமட்டத்தை அலமாரியின் தலையில் வைத்தார், அடியில் வைத்தார், பக்கவாட்டில் வைத்தார். குமிழி நடுவில் நின்றது. இடது கதவு மட்டும் ஒரு நூல் இறங்கியிருந்தது. தையற்காரி கண்ணுக்கு அது தப்பாது. ஆனால் அந்த நேரம் அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மற்றபடி, அவ்வளவு அழகு.

பிறகு பழைய தட்டைக் கழற்றினார். சாமி இருந்த பலகை காலில் படக்கூடாது என்று பழைய வேட்டியில் சுற்றிப் பரண்மேல் வைத்தார். கரியைச் சுரண்டி, பட்டி பார்த்து, அடுப்படிச் சுவருக்கு வெள்ளை பெயிண்ட் அடித்தார். நல்ல நாள் பார்த்துப் பிள்ளையாரை நான்தான் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். குலசாமி முடிச்சை மாமா இரண்டு கையாலும் ஏந்தி வந்தார்.

அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். மாமா சுவிட்சைத் தட்டினார். அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டாள், சந்தோஷத்தில் கண் கூசுகிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். கிட்டே போய்க் கதவு, ஓரம், இழுப்பறை என்று எல்லாவற்றையும் உள்ளங்கையால் தடவினாள். என் திரையையும் இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு நேராக அடுப்படிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். கரி இருந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"பெயிண்ட் அடிச்சிட்டாரா," என்றாள்.

அன்றையிலிருந்து அக்கா பேச்சு குறைந்துவிட்டது. என்னிடம் பேசினாள், மாமாவிடம் சாப்பிட வாருங்கள் என்று சொன்னாள். நான் சொல்வது அந்த இன்னொரு பேச்சு. ஹாலில் அலமாரிக்கும் மாமாவின் நாற்காலிக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கத்தான் இடம். இவள் சாமிக்கு முன்னால் நின்றால் அவர் முழங்கால் இவள் புடவையில் இடிக்கும். காலையில் வருவாள், விளக்கேற்றுவாள், கைகூப்புவாள், போய்விடுவாள். அடுப்படியில் கடுகு மட்டும் வெடித்தது.

இன்னொன்றும் நடந்தது. பொட்டு இடம் மாற ஆரம்பித்தது. முப்பது வருஷமாக நூல் பிடித்த மாதிரி நெற்றி நடுவில் பொட்டு வைத்த கை, முருகனுக்குப் புருவத்தில் வைத்தது. மறுநாள் கன்னத்தில் வைத்தது. மாமா பேப்பரை இறக்கிப் பார்த்து, முருகனுக்கு என்ன, திருஷ்டிப் பொட்டா என்று கேலி செய்தார். அக்கா சிரித்த மாதிரி உதட்டை இழுத்துவிட்டு முந்தானையால் துடைத்தாள். துடைத்ததில் கன்னம் முழுக்கச் சிவந்துவிட்டது. எண்ணெய் விளக்கில் விழாமல் புது மரத்தில் வழிந்தது. மாமா ஆசை ஆசையாகப் போட்ட விளக்கை அக்கா உள்ளே வரும்போதே அணைத்துவிடுவாள். அவர் மறுபடி போடுவார். அவள் மறுபடி அணைப்பாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் அந்த சுவிட்சைத் தேய்த்தார்கள்.

நானும் மாமாவும் ஒரே முடிவுக்குத்தான் வந்தோம். கேட்காமல் செய்துவிட்டார் என்று அக்காவுக்குக் கோபம். வாயால் சொல்லாமல் கையால் காட்டுகிறாள். மாமாவுக்கு முகம் தொங்கிப்போயிற்று. எனக்கோ எரிச்சல். ஒரு மனுஷன் நல்லதென்று நினைத்துச் செய்ததை இப்படியா தள்ளி வைப்பது?

ஒரு காலையில் நான் உள்ளே நுழையும்போது கருகல் வாசனை. அக்கா தீக்குச்சியைத் திரிக்குக் கொண்டுபோனவள் திரையில் பிடித்திருக்கிறாள். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, கையாலேயே தட்டி அணைத்துவிட்டாள். ஆனால் என் தங்கக்கரை சுருண்டு கறுத்துத் தொங்கியது. இனிமேல் பார்த்து ஏற்றுகிறேன் என்று மெல்லச் சொன்னாள். எனக்கு வந்ததே கோபம்.

"இனிமே பார்த்து என்ன ஆகப் போகுது? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்," என்றேன்.

கரியைத் துடைத்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். மீண்டும் துடைக்க ஆரம்பித்தாள். பழமொழி நம் வாயில் சும்மா வருகிற சரக்கு. அது யார் மேல் விழுகிறது என்று பார்த்து எறிகிற வழக்கம் எனக்கு அன்றைக்கு இல்லை.

சில நாள் கழித்து மாமா என் கடைக்கு வந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. மெஷின் சாய்ந்திருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை.

"லிஃப்ட்டுல சத்தம் வந்தா நான் பயப்பட மாட்டேன்மா. எங்கயோ உரசுதுன்னு அர்த்தம், எண்ணெய் விட்டா தீர்ந்துச்சு. ஆனா எப்பவும் சத்தம் போடுற லிஃப்ட் திடீர்னு சத்தத்தை நிறுத்திடுச்சுன்னு வை, அதுல நான் ஆளை ஏத்தவே மாட்டேன். உள்ளே ஏதோ கழண்டிருக்கு."

கோபம்தானே, நாளானால் சரியாகிவிடும் என்றேன்.

"கோபம்னா பிள்ளையார்கிட்ட என்னைத் திட்டித் தீர்த்திருப்பா. அவ திட்டலையே," என்றார்.

அந்த 'திட்டலையே' என்ற வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எனக்கு அந்த மனுஷர் மேல் அன்றைக்கு வந்த பாசம் முன்னே வந்ததில்லை. ஊரில் புருஷன்மார் எல்லாம் பொண்டாட்டி திட்டுகிறாள் என்று வருத்தப்படுவார்கள். இவர் திட்டவில்லையே என்று வந்து நிற்கிறார்.

நேராக அக்காவிடம் கேட்டுவிடுங்களேன் என்றேன். நான் என்னவோ நிலாவுக்குப் போகச் சொன்ன மாதிரி பார்த்தார். கொஞ்ச நேரம் என் கத்தரிக்கோலைத் திறந்து திறந்து மூடினார். பிறகு, பரணில் இருக்கும் பலகையை இறக்க வேண்டும், ஏணியைப் பிடித்துக்கொள்ள வருவாயா என்று கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பலகை இறங்கியது. மாமா ஈரத்துணியால் துடைத்து மஞ்சள் தடவினார். அடுப்படிச் சுவரில் பழைய ஸ்குரூ ஓட்டைகளை அவரே பட்டி பார்த்து அடைத்து, மேலே பெயிண்டும் அடித்திருந்தார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலால் தடவித் தடவித்தான் கண்டுபிடித்தார். அதே ஓட்டை, அதே உயரம். அக்கா வாசலில் நின்றுகொண்டு, இது என்ன கூத்து, அவ்வளவு செலவழித்துச் செய்ததை யாராவது பிரிப்பார்களா என்று தடுத்துப் பார்த்தாள்.

"பிரிக்கல. ஹால்ல டி.வி. சத்தத்துல பிள்ளையாருக்குத் தூக்கம் வரலையாம்," என்றார் மாமா, ஸ்குரூவைத் திருகிக்கொண்டே.

பேங்க் அம்மா என்ன நினைப்பார் என்று நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். ஹாலில் இருப்பது சபை, அங்கே புதிதாகப் பெரிய படங்கள் வாங்கி வைக்கலாம், மகள் வீடியோ காலில் பார்த்துக் கும்பிடட்டும், இது வீடு என்றார் மாமா. பிள்ளையாரும் குலசாமியும் பழைய முருகன், லட்சுமியும் அடுப்படிக்குத் திரும்பினார்கள். இடது கைப்பக்கம் தீப்பெட்டி, திரி. வலது கைப்பக்கம் எண்ணெய், குங்குமம். எல்லாவற்றையும் அக்காவே வைத்தாள். வைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அன்று மாலை நான் அடுப்படித் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். மாமா ஹாலில், பேப்பருக்குப் பின்னால். காலையிலேயே படித்து முடித்த பேப்பர். அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா முகம் கழுவிக்கொண்டு வந்து நின்றாள்.

அவள் கை இடது பக்கம் போயிற்று, தீப்பெட்டியை எடுத்தது. திரியைத் தூண்டி, ஒரு சொட்டுச் சிந்தாமல் எண்ணெய் விட்டு, ஒரே உரசலில் ஏற்றினாள். பிறகு குங்குமத்தை எடுத்து முருகன் நெற்றியில் வைத்தாள். கச்சிதமாக நடுவில் விழுந்தது. அப்பாடா, கோபம் தீர்ந்தது என்று நினைத்து நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

அக்கா படத்தைப் பார்க்கவே இல்லை. அவள் பார்வை ஜன்னல் பக்கம் எங்கேயோ இருந்தது. கட்டைவிரல் படத்தின் சட்டத்து மூலையில் ஊன்றியிருந்தது, அங்கிருந்து மோதிர விரல் எட்டுகிற தூரத்தில் பொட்டு. அடுத்தது லட்சுமி, அதே மாதிரி மூலையில் கட்டைவிரல், எட்டினால் நெற்றி. நாள் முழுக்கத் துணியைச் சாண் வைத்து அளக்கிறவள் நான். கண்ணால் பார்க்காமல் கையால் அளக்கிற கையை எனக்குத் தெரியும். பீன்ஸ் நறுக்குவது நின்றுபோயிற்று.

"பிள்ளையாரப்பா," என்றாள் அக்கா. எத்தனையோ நாள் கழித்து அந்தக் கூப்பாடு. ஹாலில் பேப்பர் சரசரப்பது நின்றது.

"உன் முகம் எனக்குத் தெரியலப்பா. ரொம்ப நாளாவே அப்படித்தான். கண்ணாடியில மூச்சு விட்ட மாதிரி எல்லாமே மூடிக்கிட்டு இருக்கு. இங்கே இருந்த வரைக்கும் கை பழகின இடம், ஒப்பேத்திட்டேன். அங்கே அந்த லைட்டைப் போட்டா வெள்ளையா ஒரே மூட்டம், நீ எங்கே இருக்கே, முருகன் எங்கே இருக்கான்னு ஒண்ணும் புரியல. விளக்கேத்தவே பயமாயிருந்துச்சு."

கொதிக்கிற பாத்திரத்தின் மூடியை நகர்த்திவிட்டு வந்தாள். குரல் இறங்கிவிட்டது, ஆனால் ஹால் வரைக்கும் கேட்கிற அளவுக்குத்தான் இறங்கியது. முப்பது வருஷப் பழக்கம், அளவு தெரியாதா.

"சொல்லிடலாம்னுதான் ஊர்ல இருந்து வந்தேன். வந்து பார்த்தா மனுஷன் அவ்வளவு ஆசையா செஞ்சு வச்சிருக்காரு. அதைக் கண்ணால பார்க்க முடியலன்னு எந்த வாயால சொல்வேன்? நீயே சொல்லு."

கண் கெட்ட பிறகு என்று நான் சொன்னேனே, அதை அவள் பிள்ளையாரிடம்கூடச் சொல்லவில்லை. தங்கை மேல் கோள் சொல்லாமல் விழுங்கிக்கொண்டாள்.

ஹாலில் நாற்காலி நகர்ந்தது. மாமா அடுப்படிக்கு வந்தார். வழக்கமாக அவர் கேட்டதாகவே காட்டிக்கொள்ள மாட்டார். மறுநாள் சத்தமில்லாமல் காரியத்தை முடிப்பார். அன்றைக்கு வந்து அக்காவின் பக்கத்தில் நின்றார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதலில் இடுப்பில் வைத்தார், அப்புறம் கூப்பினார். அந்தத் தட்டை அடித்துக் கொடுத்த நாளிலிருந்து அதன் முன்னால் நின்று அவர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

"பிள்ளையாரப்பா," என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாளைக்குக் காலையில இவளை ரெடியா இருக்கச் சொல்லு. கண் டாக்டர்கிட்ட போறோம். நான் லீவு சொல்லிடறேன். அப்புறம், அந்த அலமாரி ஒண்ணும் பார்த்தே தீரணும்கிற அளவுக்கு அவ்வளவு அழகா இல்லைன்னும் இவகிட்ட சொல்லிடு."

அக்கா சிரித்துவிட்டாள். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. சாமியை விட்டுவிட்டு மாமா பக்கம் திரும்பினாள், நேராக அவர் முகத்துக்கு.

"பொய் சொல்லாதீங்க. நான் கையால தடவிப் பார்த்துட்டேன். ரொம்ப நல்லா இருக்கு."

நான் பீன்ஸை அப்படியே தரையில் வைத்துவிட்டு என் வீட்டுக்குப் போய்விட்டேன். இருந்து பார்க்கிற காட்சி இல்லை அது.

கண்புரை என்றார் டாக்டர். நன்றாக முற்றிவிட்டது, இத்தனை நாள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டாராம். கை பழகின வீடு என்று அக்கா சொன்னாளாம். ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆயிற்று, ஆறினதும் மற்றதற்கும் ஆயிற்று. அதுவரைக்கும் மாமாதான் விளக்கேற்றினார். நேற்றைய பூவை எடுத்துச் செடித் தொட்டியில் போட்டார், வெள்ளிக்கிழமை புளி போட்டுப் பிள்ளையாரைத் தேய்த்தார். பொட்டு வைக்குமுன் முருகன் நெற்றிக்கு ரசமட்டம் வைக்காத குறைதான். நான் திரைக்குப் புதுக்கரை தைத்துக் கொடுத்தேன்.

கட்டெல்லாம் எடுத்துச் சொட்டு மருந்தும் முடிந்த பிறகு, அக்கா ஒரு காலையில் ஹாலில் அலமாரிக்கு முன்னால் வந்து நின்றாள். மாமா அவசரமாகப் பேப்பரை விரித்துக்கொண்டார். அக்கா தானே சுவிட்சைத் தட்டினாள். பளீரென்றது. கண்ணைச் சுருக்கவில்லை. மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், ஒவ்வொரு மணியாகப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். மாமா பேப்பருக்கு மேலே என்னைப் பார்த்தார். எனக்கும் ஒன்றும் புரியவில்லை.

கடுகு வெடித்தது. பிறகு குரல் வந்தது.

"பிள்ளையாரப்பா, ஹால் அலமாரி கண்ணுக்கு நிறைவா இருக்கு. ஆனா இடது கதவு ஒரு நூல் இறங்கியிருக்கே, அதை யாரும் கவனிக்கலையா?"

குறை சொல்லிக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷரை நான் பார்த்ததில்லை. மாமா பேப்பரை மடித்து வைத்தார். முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு ஸ்குரூ டிரைவரை எடுக்கப் போனார்.